கேட்டுக்கு இந்தப் பக்கம்

பரோலில் விட்ட அன்று நீங்கள் கணுக்காலில் மாட்டிய இந்தக் கண்காணிப்புக் கருவிக்குத் தினமும் இரண்டு மணி நேரம் சார்ஜ் ஏற்ற வேண்டும், பூய்சன் அம்மா. சமையலறையில் மட்டும்தான் பிளக் ஒழுங்காக வேலை செய்கிறது. அதனால் அங்கே ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். ஜன்னலிலிருந்து கேட் தெரியும். அதுவரைதான் எனக்கு அனுமதி என்று முதல் நாளே நீங்கள் நடந்து காட்டினீர்கள். இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட நான் அதைத் தாண்டவில்லை.

சிறையில் பதினோரு வருடம் இருந்தேன். கொள்ளையடிக்கப் போன இடத்தில் காவலாளியைச் சுட்டது மற்றவர்கள். நான் வண்டியில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். உள்ளே ஒரே கூடத்தில் முப்பத்தெட்டுப் பெண்கள். ஒருத்தி இருமுவாள், ஒருத்தி ஜெபிப்பாள், ஒருத்தி யாரையாவது திட்டுவாள். அந்தச் சத்தத்தில் நன்றாகத் தூங்குவேன்.

வெளியே வந்ததும் என் தங்கை சோலேகாவும் அவள் கணவன் லுங்கிசாவும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நல்லவர்கள். காலையில் வேன் பிடித்து வேலைக்குப் போவார்கள். சாயங்காலம் தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சி. சனிக்கிழமை யார் வீட்டிலாவது சாவோ கல்யாணமோ இருக்கும். வீட்டில் நானும் பிரிட்ஜின் இரைச்சலும் மட்டும். முதல் மாதம் கதவின் முன் நின்று, யாராவது திறக்கட்டும் என்று காத்திருப்பேன்.

லுங்கிசாவுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"ஜெயிலம்மா, கைப்பிடியத் திருப்புங்க. இங்க வார்டர் யாரும் வரமாட்டாங்க."

"சும்மா இருங்களேன்," என்பாள் சோலேகா. "அக்கா, சோளமும் பீன்சும் பானையில இருக்கு. நாங்க வர லேட்டாகும்."

"லேட்டுன்னு சொல்லாதடி. இப்பவே மூஞ்சி தொங்கிப்போச்சு பாரு."

அவனுக்கு இழுப்பு உண்டு. வாயில் வைத்து உறிஞ்சும் பம்பைச் சமையலறை ஜன்னல் விளிம்பில் வைத்திருப்பான். பாதி நாள் மறந்துவிட்டுப் போய், திரும்பி ஓடி வருவான்.

எதிர்வீட்டில் ஒரு விதவை இருந்தாள். எங்கள் வழக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். கணவன் செத்தால் பெண் ஒரு வருடம் கறுப்பு உடுத்த வேண்டும். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பாட்டு, விருந்து எதுவும் கிடையாது. உரக்கப் பேசக்கூடக் கூடாது. அவள் சரியான நேரத்துக்கு உள்ளே போவதை இந்த நாற்காலியிலிருந்து தினமும் பார்ப்பேன். அதுவும் காலில் எதுவும் கட்டாமலே. நல்ல வழக்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

அன்று சோலேகா முன்னாலேயே கிளம்பிவிட்டாள். தெருவில் குப்பையை எரித்திருந்தார்கள், ஒரே புகை. வேனுக்குப் போன லுங்கிசா பாதி வழியில் திரும்பி வந்து, கேட்டுக்கு அந்தப் பக்கம் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான். ஜன்னல் பக்கம் கையைக் காட்டினான். பம்பு ஜன்னலில் இல்லை. வீடெல்லாம் தேடினேன், தெருவில் ஓடி ஆளைக் கூப்பிட முடியவில்லை என்று, அவன் செத்த பிறகு வந்த போலீசிடம் சொன்னேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அந்த நிலைமையிலும் எல்லையை மீறவில்லை என்று நீங்களே பாராட்டினீர்கள். சோலேகா இந்தக் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ என்னக்கா செய்வ, இத மாட்டி வச்சிருக்காங்களே."

அதன் பிறகு ஒரு வருடம் நன்றாகப் போனது. வேலை முடிந்ததும் அவள் நேராக வீட்டுக்கு வந்தாள். ஒரே அறையில் படுத்தோம். அவள் அழுகிற சத்தத்தில் எனக்குத் தூக்கம் வந்தது.

போன சனிக்கிழமை உறவுக்காரப் பெண்கள் வந்து அவளுடைய கறுப்புத் துணியைக் கழற்றி எரித்தார்கள். பீர் காய்ச்சினார்கள். சோலேகா மஞ்சள் உடையில் சிரித்தாள். "கேப் டவுன்ல வேலை கிடைச்சிருக்குக்கா. இந்த வீட்ட நீயே வச்சுக்க."

முழு வீடும் எனக்காம். இந்தக் கருவியைக் கழற்ற இன்னும் ஆறு வருடம் இருக்கிறது.

அதனால்தான் உங்களை வரச் சொன்னேன். சிறையில் என் பழைய கட்டில் காலியாக இருக்குமா என்று கேட்க வேண்டும். நான் லுங்கிசாவைத் தொடவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

சோலேகா, ஏன் அங்கயே நிக்கிற? தட்டக் கீழ வையி, டீ சிந்துது பாரு. அன்னிக்குக் காலையில அவன் எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே ஜன்னல்ல இருந்து எடுத்துட்டேன். பம்பு என் ஏப்ரன் பையிலதான் இருந்துச்சு.