பன்னிரண்டாவது வார்டுக்கு நேரே ஒரு பூஜ்யம்

மேடையில் இருக்கும் துணைவேந்தர் அவர்களே, துறைத்தலைவர் அவர்களே, பேராசிரியரின் துணைவியார் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நிற்கும் நகராட்சி ஊழியர்களே, எல்லோருக்கும் வணக்கம். பேராசிரியர் பேசியிருந்தால் இந்த வரிசையைத் தலைகீழாக்கித்தான் தொடங்கியிருப்பார்.

போய்விட்டாரே நம் பெஞ்சு பேராசிரியர்! நகர்மன்றக் கூட்ட அறையில், பார்வையாளர்களுக்கென்று கிடக்கும் ஆடுகிற மரப்பெஞ்சில், இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவர். தலைமை என்றால் என்ன என்று தேடி அரசியல் ஆய்வாளர்கள் நாங்களெல்லாம் தலைநகரத்துக்கு ரயில் ஏறினோம். அவர் நான்கு தெரு நடந்து போனார். தண்ணீர்க் குழாய் எந்தத் தெருவுக்கு முதலில் வருகிறது என்று பார்த்தாலே ஊரை ஆள்வது யார் என்று தெரிந்துவிடும் என்பார்.

அந்த மனிதருக்கு நாம் என்ன செய்தோம்? அவர் கற்பித்த உள்ளாட்சிப் பாடத்தைப் பாடத்திட்டத்திலிருந்து தூக்கினோம். மாணவர்கள் குறைவாம்! அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்ட மூன்று பேர் சற்று முன் அவர் படத்துக்கு மலர் வைத்தார்கள். யார் என்று நான் சொல்லப்போவதில்லை. அவர்களுக்கே தெரியும்.

ஆனால் அவர்களைச் சாடிவிட்டு நான் மட்டும் நல்லவனாக இறங்கிப் போக முடியாது.

அவரும் நானும் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினோம். ஐந்து வருடம் அந்தப் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நகர்மன்றத்தில் எந்த உறுப்பினர் எத்தனை நிமிடம் பேசுகிறார் என்று நான் கடிகாரம் வைத்து அளந்தேன். அதிகம் பேசியவரே தலைவர் என்பது என் கணக்கு. அதுதான் புத்தகத்தின் ஏழாம் அட்டவணை. அதில் பன்னிரண்டாவது வார்டு உறுப்பினருக்கு நேரே நான் போட்டது பூஜ்யம். பக்கத்தில் ஒரு வரி: ‘பெயரளவு உறுப்பினர்.’

பேராசிரியர் கையெழுத்துப்படியைப் படித்துவிட்டுக் குதித்தார்.

“யோவ், நீ அளந்தது சத்தத்த. தலைமைய இல்ல. கூட்டத்துக்கு முன்னாடி மாடிப்படித் திருப்பத்துல போய் நின்னு பாரு. அந்தம்மா ஒவ்வொருத்தரையா நிறுத்திப் பேசி முடிச்சுடுறாங்க. எதிர்க்கட்சிக்காரன்கூடத் தலையாட்டிட்டுத்தான் மேல வர்றான். அப்புறம் உள்ள வந்து எதுக்குய்யா கத்தணும்?”

“மாடிப்படியில நடக்கறத எந்தக் கட்டத்துல சார் போடுறது?”

“கட்டம் இல்லன்னா வரைய்யா!”

நான் வரையவில்லை. அவருடைய துணைவியார் மருத்துவமனையில் இருந்த அந்த இரண்டு வாரத்தில், அவரைக் கேட்காமலே, புத்தகத்தை அச்சுக்கு அனுப்பினேன்.

அடுத்த தேர்தலில் எதிரணிக்காரர் அந்தப் பக்கத்தைத் தெருத்தெருவாகப் படித்துக் காட்டினார். “புரொபசருங்களே எழுதிட்டாங்க, அஞ்சு வருஷமா இந்தம்மா வாயே தொறக்கல!” அந்த அம்மா தோற்றார். மழை வந்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும் மூன்று தெருக்களுக்கு வடிகால் கொண்டுவந்தவர், எங்கள் புத்தகத்தால் தோற்றார். பேராசிரியர் அந்த அம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். நான் போகவில்லை.

பிறகு ஒரு கருத்தரங்கில், முந்நூறு பேர் முன்னால், “ஏழாம் அட்டவணை தப்பு, அதில் என் பெயரும் இருப்பது வெட்கம்” என்றார். அந்த அட்டவணையைக் காட்டித்தான் நான் பதவி உயர்வு வாங்கியிருந்தேன். என்னால் அதை மறக்க முடியவில்லை. இன்றுவரை மறக்கவில்லை. இரண்டாம் பதிப்பு வந்தபோதும் வேண்டுமென்றேதான் அப்படியே விட்டேன்.

பதினோரு வருடம் எங்கள் அறைகளுக்கு நடுவே ஒரே ஒரு சுவர். எங்களுக்குள் பேச்சும் ஒரே ஒரு பேச்சு. தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டால் கேட்பார்: “திருத்தினியாய்யா?” நான் சொல்வேன்: “இல்ல சார்.” போய்விடுவார். போன மாதம் படுக்கையில் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டதும் அதைத்தான். “அடுத்த பதிப்புல பாக்கலாம் சார்” என்றேன். சாகக் கிடந்த மனிதரிடம்கூட எனக்கு விட்டுக்கொடுக்கத் தோன்றவில்லையே! இதைவிடச் சிறுமை உண்டா?

பன்னிரண்டாவது வார்டு அம்மா இதோ நான்காவது வரிசையில் இருக்கிறார்கள். வாசலில் என்னைப் பார்த்து, “என்ன தம்பி, இன்னிக்கு எத்தன நிமிஷம் பேசப்போறீங்க? கடிகாரம் கொண்டாந்தீங்களா?” என்று கேட்டார்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அம்மா, வேண்டாம் என்று கையசைக்கிறீர்கள். இல்லை, சபையில் சொல்லியாக வேண்டும். மூன்றாம் பதிப்பில் அந்தப் பூஜ்யம் இருக்காது. அந்த இடத்தில் இருக்கும் வாசகம் இது: ‘இந்த மன்றத்தின் முடிவுகளை ஒப்புக்கொள்ள வைத்தவர் இவர். அதைக் காண ஆசிரியர்களில் ஒருவர் தவறினார். கண்டவர் மற்றவர்.’

நேற்றுக் காலை அச்சகத்தில் எழுதிக் கொடுத்தேன். பத்து நிமிட வேலை. பதினோரு வருடம் செய்யாத வேலை.

நீக்கிய பாடத்தைத் திரும்பக் கேட்டுக் கல்விக்குழுவில் நான் நிற்பேன். மேடையில் இருப்பவர்கள் முகம் சுளித்தாலும் நிற்பேன். திங்கட்கிழமை நகர்மன்றம் கூடுகிறது. அந்தப் பெஞ்சில் நான் இருப்பேன். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாடிப்படித் திருப்பத்தில் இருப்பேன்.

சார், இனி தாழ்வாரத்தில் யாரும் என்னை மறித்துக் கேட்கப்போவதில்லை. நானே சொல்கிறேன்.

திருத்திட்டேன் சார்.