காளைக்குப் பாதி மாத்திரை

திண்டுக்கல்லிலிருந்து சேவுகம்பட்டிக்குச் செல்லும் பேருந்தில், வேலவன் திருநாமத்தை உருவிட்டபடி அமர்ந்திருந்தேன். முன்னிருக்கை உழவர் ஒருவர் சொன்னது என் நாவை நிறுத்திற்று.

"அம்புட்டு மாத்திரையையும் நானே முழுங்க மனசு வரல மதினி. பாதியக் காளைக்குக் குடுத்துட்டேன்."

பக்கத்தில் கூடையோடு இருந்த அவருடைய அண்ணன் மனைவி திகைத்தார். "ஒங்க கால் புண்ணுக்கு ஆஸ்பத்திரியில குடுத்த பெனிசிலின் மாத்திரையவா?"

"அதுவும் நொண்டுச்சுல்ல? ஒரே ஏருல ஒழைக்கிறோம்."

"அதான் மறுபடி சீழ் வச்சுச்சா! டாக்டரு சும்மாவா விட்டாரு?"

"வஞ்சு தீத்துட்டாரு. பாதியில நிறுத்துனா மிஞ்சுன கிருமி மறுபடி பெருகிருமாம். இன்னுங் கொஞ்ச நாள் விட்டிருந்தா காலையே எடுத்திருக்கணுமாம். திரும்ப முழுசாக் குடுத்து, ஒண்ணு விடாம முழுங்கச் சொன்னாரு. இன்னைக்குப் பாத்துட்டு, ஆறிருச்சு, ஏரு பூட்டலாம்னுட்டாரு!"

"அப்ப காளை?"

"மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போனேன். அந்த டாக்டரு குளம்பத் தூக்கிப் பாத்து, இடுக்குல இருந்த கல்ல எடுத்துப் போட்டாரு. மாத்திரையும் வேணாம், ஊசியும் வேணாம்னாரு. வீடு வரைக்கும் நான் நொண்டுறேன், அது முன்னால ஓடுது!"

பேருந்தில் இருந்தோர் அனைவரும் வாய்விட்டு நகைத்தனர். அந்த அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"ரெண்டாந்தடவ எப்படி கொழுந்தனாரே அம்புட்டையும் தனியா முழுங்குனீங்க?"

"தொழுவத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டுத்தான். மொகத்தப் பாத்தா கை தானா நீண்டுரும்ல!"