அம்பாசிடருக்குத் தீர்த்தம்

மண்டபம் மாதிரிக் கடலோர ஊரில் பழைய கார் வைத்திருப்பது அப்படியொன்றும் பெரிய கஷ்டமில்லை, ஐயா. கடலை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்க முடிந்தால் போதும். நீங்கள் பொறுமையாகக் கேட்பதால் நானும் பொறுமையாகவே சொல்கிறேன்.

அந்த அம்பாசிடர் எங்களைப் பெற்ற அய்யாவுடையது. அவர் போன பிறகு கோழி அடைந்து கிடந்ததை, பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நான் கையில் எடுத்தேன். அய்யா மிளகாய் மூட்டை அடுக்கிய கிட்டங்கிக்குள் வண்டியைத் தள்ளி, உப்புக் காற்று வராதபடி ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தேன். கதவின் அடியில் ரப்பர் ஒட்டினேன். அப்படியும் துரு விடவில்லை. இந்தக் கதவைச் சுரண்டி முடிப்பதற்குள் அந்தக் கதவில் கொப்புளம் கிளம்பும். மதுரையிலிருந்து வரவழைத்த கண்ணாடி ரப்பர் பீடிங் வேறு மாடலுக்கு உரியதாக இருக்கும். வெல்டிங்காரர் நாளைக்கு வருகிறேன் என்பார். அவருடைய நாளை எந்த மாதத்தில் வரும் என்று அவருக்கே தெரியாது. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "வாத்தியாரே, வண்டி எப்ப ஓடும்?" என்று இளிப்பார்கள். அவர்களில் ஒருவரைக்கூட நான் கைநீட்டி அடித்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் அக்கா கனகலட்சுமி என்னோடுதான் இருந்தாள். வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து எனக்குச் சமைத்துப் போட்டது அவள்தான். குணத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு பொருளைச் சும்மா விடத் தெரியாது. காயாத பெயிண்டை விரலால் தொட்டுப் பார்ப்பாள். வண்டியை வெயிலுக்குத் தள்ளிய நாளில் பானெட்டின் மேல் வடகம் காயப் போடுவாள். கேட்டால், "இரும்புதானடா, நல்லா சூடேறுது" என்பாள். சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

போன வெள்ளிக்கிழமை பேட்டரி வாங்க ராமநாதபுரம் போயிருந்தேன். அதை மாட்டினால் என்ஜின் ஓட வேண்டியதுதான் பாக்கி. திரும்பி வந்து பார்த்தால் வண்டி நனைந்து நிற்கிறது. பானெட், சீட், புதிதாகப் போட்ட மேட், வெளியே வெயிலில் நான் வரிசையாக வைத்திருந்த வீல் கப், எல்லாவற்றிலும் தண்ணீர். ஸ்டியரிங்கில் மாவிலை கட்டியிருந்தது. அக்கா கையில் காலி கேனோடு நின்றாள்.

"ராமேஸ்வரம் போயி தீர்த்தம் எடுத்தாந்தேன் தம்பி. வண்டி வேல முடிஞ்சா ஊத்துறேன்னு வேண்டியிருந்தேன். உன் மொகத்துல சிரிப்பப் பாத்து எத்தன நாளாச்சு. பாத்துத்தான் எடுத்தாந்தேன், நீ ஒண்ணும்..."

"சரிக்கா, விடு" என்றேன். அதற்கு மேல் அவளைப் பேச விடவில்லை.

அவள் எப்போது ராமேஸ்வரம் போனாலும் முழுகுவது அக்கினி தீர்த்தத்தில்தான். அது கடல். நான் செங்கல் வைத்து அடைத்த கடலை அவள் கேனில் மொண்டு வந்து உள்ளே ஊற்றிவிட்டாள். கோயிலுக்குள் நல்ல தண்ணீர்த் தீர்த்தங்கள் எத்தனையோ இருக்கின்றன. ஒன்றிலாவது எடுத்திருக்கலாம். எனக்குக் கோபம் வரவில்லை. வெறுப்புத்தான் வந்தது. அதில் கை நடுங்குவதில்லை.

பேட்டரியை மாட்டினேன். பிரித்துச் சேர்த்த என்ஜினை முதல் முறை ஓடவிடும்போது இடையில் நிறுத்தக் கூடாது. யாராவது ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அக்காவை உட்காரச் சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.

"நான் சொல்ற வரைக்கும் கால எடுக்காத. எடுத்தா இத்தன நாள் பாடும் வீணாப் போயிரும்."

"எடுக்க மாட்டேன்டா. நீ போயி வேலையப் பாரு."

புகைக்குழாய் பாதியில் அரித்துப் போயிருந்தது. அதற்கு நேர் மேலே, தரைத் தகட்டில் வெல்டிங்காரருக்காகக் காத்திருக்கும் ஓட்டை. கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கிட்டங்கிக் கதவைச் சாத்தி வெளியே கொண்டி போட்டேன். நம் பக்கத்துக் காற்று எந்தக் கதவையும் சாத்தியபடி இருக்க விடாது.

வாசலில் உட்கார்ந்து வீல் கப்பைத் துடைக்க எடுத்தேன். என்ஜின் சத்தம் அவ்வளவு சீராக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"தம்பி, தல சுத்துதுடா. போதுமா?"

"கால எடுத்துறாதக்கா" என்றேன். அவள் எடுக்கவில்லை. வாழ்நாளில் என் வண்டி விஷயத்தில் அவள் கேட்ட ஒரே பேச்சு அதுதான்.

அப்போதுதான் வீல் கப்பைக் கவனித்தேன். தண்ணீர் முழுக்கக் காய்ந்திருந்தது. கடல் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை பூத்திருக்கும். இதில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை. அக்கா வாசலில் வைத்துவிட்டுப் போன கேனின் அடியில் மிச்சமிருந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். நல்ல தண்ணீர். கோயிலுக்குள் எடுத்தது. அவள் பார்த்துத்தான் எடுத்து வந்திருக்கிறாள்.

என்ஜின் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் அவள் கால் இன்னும் ஆக்ஸிலேட்டரில் இருந்தது. கொண்டி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. உப்பில்லாத தண்ணீர் என்பதை அவள் முதலிலேயே விவரமாகச் சொல்லியிருக்க வேண்டும். தவிர, முதல் ஓட்டத்தில் என்ஜினைப் பாதியில் நிறுத்தக் கூடாது.