குதிர் மேல் ஒரு கை

— எனக்குச் சரியா ஞாபகம் இருக்கான்னே சந்தேகமா இருக்கு, கோரல். டிவி போட்டியில பதினோராவது ராத்திரி டெஸ் போட்டிருந்தது நீலக் கோட்டா, பழுப்புக் கோட்டா? நோட்டுல எழுதாம விட்டிருக்கேன். ஓவியப் பொண்ணு கேட்டா என்ன சொல்றது?

— கோட்டு கிடக்கட்டும், நெவில். கமிட்டி உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லி என்னை அனுப்பியிருக்கு. நோட்டை மூடு.

— கமிட்டிக்குத் தலைவர் நான். எனக்கே ஆள் அனுப்புதா?

— தலைவர் செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு வரல. கண் டாக்டர்கிட்ட போயிட்டாரு.

— சரி, சொல்லு. அதுக்கு முன்னாடி அந்தக் கோதுமைக் குதிர்ச் சுவத்துல அவ என்ன வரஞ்சிருக்கான்னு பாத்துச் சொல்லு. எனக்கு வண்டிக்குள்ளேர்ந்து பாலைக் கொட்டின மாதிரி வெள்ளையாத்தான் தெரியுது. ஆபரேஷன் அடுத்த மாசம்தான். அதுக்குள்ள அவ முடிச்சுட்டு மெல்போர்ன் போயிடுவா.

— ஒரு கை முடிஞ்சிருக்கு. முழங்கை வரைக்கும் மடிச்சுவிட்ட சட்டை. முகத்துப் பக்கம் பெருசா துணி தொங்குது. உச்சியில வழக்கம்போல கிளிக்கூட்டம்.

— கை பட்டன் மேலதானே இருக்கு?

— பட்டனுக்கு மேல இருக்கு. தொடல.

— அப்ப இன்னும் முடியலன்னு அர்த்தம். டெஸ் கை பட்டனைத் தொடாம இருந்த நேரமே கிடையாது. டிவியில ஏழு மணி வினாடி வினாப் போட்டியில அவரு மாதிரி கேள்வி முடியறதுக்குள்ள அமுக்கினவங்க இந்த நாட்டுல மூணே பேர். நோட்டுல இருக்கு.

— அமுக்கிட்டு அப்புறமாத்தான் யோசிப்பாரு. பாதி குருட்டடி.

— பதினோரு ராத்திரி குருட்டடி அடிக்க முடியாது, கோரல். தினமும் கேப்பாங்க, பரிசை எடுத்துட்டு வீட்டுக்குப் போறீங்களா, நாளைக்கு வந்து எல்லாத்தையும் பணயம் வெச்சு ஆடறீங்களான்னு. அவங்க கேட்டு முடிக்கல, நாளைக்கு வரேன்னுடுவாரு. அதுக்கு நெஞ்சு வேணும்.

— யோசிக்கத் தெரியாதவனுக்கு நெஞ்சு தானா வந்துடும்ப்பா. அவரு பரிசுக் காரோட திரும்பி வந்தாரே, அன்னிலேர்ந்து இந்த ஊருக்குச் சனி பிடிச்சது. இரும்புக்கடை வாசல்ல கார். உள்ளே டெஸ். வரவன் போறவன் எல்லாம் கேள்வி கேட்டான். ஆட்டுக்குப் புழு மருந்து எவ்வளவு, உயில் எப்படி எழுதறது, குழந்தைக்கு ஏன் காது வலிக்குதுன்னு. கீத் வந்து, கொட்டாயில ஒரு பாம்பைப் பாத்தேன், பழுப்பா... அப்படின்னான். அவ்வளவுதான் சொன்னான். டெஸ் 'விஷமில்லாதது'ன்னுட்டாரு.

— கீத் பிழைச்சுட்டான்.

— பிழைச்சு வந்து, கட்டுப் போட்ட காலோட அடுத்த தேர்தல்ல டெஸ்ஸுக்கே ஓட்டுப் போட்டான். மூணு தடவை வட்டத் தலைவரா இருந்தாரு. நம்ம ஊர் நீச்சல்குளத்துல ஒரு பக்கம் தண்ணி நிக்காது தெரியுமா? அதுவும் கேள்வி முடியறதுக்குள்ள சொன்ன விடைதான்.

— அதுதான் மாபெரும் ஆட்டக்காரர்னு சொல்றது. தப்பாச் சொன்னாலும் ஊர் நம்பணும். சரி, டெஸ் வேண்டாம்னா உன் ஆள் யாரு? பெரிலா?

— பெரில் ஒண்ணும் மோசமில்ல. விலை சொல்ற போட்டியில சோப்புலேர்ந்து சோபா வரைக்கும் ஒரு சென்ட் பிசகாம சொன்னா.

— என்ன ஜெயிச்சா?

— மோட்டார் படகு.

— இங்கேயிருந்து தண்ணி எவ்வளவு தூரம்?

— ரெண்டு மணி நேரம். மழை பெஞ்ச வருஷமா இருந்தா.

— அந்தப் படகுல முப்பது வருஷமா கோழி முட்டை போடுது. அதை வரஞ்சா வர்றவன் சிரிப்பான், கோரல். பக்கத்து ஊர்க் குதிர்ல ஒரு ஆடு மேய்க்கற நாயை வரஞ்சு வெச்சிருக்கான். சிட்னியிலேர்ந்து பஸ் போட்டு வந்து அந்த நாயைப் பாக்கறாங்க, அங்கேயே சாப்பிடறாங்க, திரும்பற வழியில நம்ம ஊர்ல நிறுத்தி ஒண்ணுக்குப் போறாங்க. அந்த நாயை ஜெயிக்கணும்னா நமக்கு ஒரு முகம் வேணும். எண்ணூறு பேர் இருக்கற ஊர், டிவி போட்டிக்கு ரெண்டு பேரை அனுப்பியிருக்கு. எந்த ஊருக்கு அந்தப் பெருமை?

— மூணு பேர்.

— ரெண்டு.

— மூணு பேர், நெவில். போட்டிக்கு நீ போட்ட லெட்டருக்குத் தபாலாபீஸ்ல முத்திரை குத்தினவளே நான்தான்.

— தீர்மானம் இருக்கு.

— தீர்மானத்தை எழுதினதும் நான்தான். 'எண்பத்தாறாம் வருஷப் போட்டியைப் பற்றிக் கமிட்டியில் பேசக் கூடாது.' முன்மொழிஞ்சவர் நெவில், வழிமொழிஞ்சவர் நெவில். மத்தவங்க டீ ஊத்திக்கிட்டிருந்தாங்க.

— என் நோட்டுல, ஆட்டக்காரங்க தர வரிசையில முதல் பேர் யாரு தெரியுமா? அடிலெய்ட் பல் டாக்டர். இருபத்துமூணு ராத்திரி. ஒரு தடவைகூடச் சிரிச்சதில்ல.

— பல் டாக்டரா இருந்துக்கிட்டுப் பல்லையே காட்டாத மனுஷன். பேச்சை மாத்தாதே.

— மூணாவது டாஸ்மேனியாக்காரி, பர்னியிலேர்ந்து வந்த ஐரீன். அவளுக்குக் கேள்வியே வேண்டாம், கேக்கறவர் மூச்சை இழுத்தாலே விடை தெரிஞ்சுடும். டெஸ் ஆறாவது. பெரில் நாப்பத்தொண்ணு.

— கடைசிப் பக்கத்துல யாரு? எத்தனை வருஷமா அந்தப் பாதி போன நடுவிரலால எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டறே, ஒரு நாளாவது கடைசிப் பக்கத்தைக் காட்டினியா?

— நானூத்திப் பன்னெண்டு பேர் இருக்காங்க. யாராவது ஒருத்தர் கடைசியில வரணுமில்ல.

— ஐரீனுக்கு எதிர்ல நின்னவன்.

— ஆமா.

— ஊரே ஹால்ல டிவி முன்னாடி உக்காந்திருந்தோம். பேக்கரிக்காரர் உன் பேரைக் கிரீம்ல எழுதி கேக் செஞ்சிருந்தாரு. முதல் கேள்வி வந்துது. உன் கை மேல போச்சு, பட்டனுக்கு ஒரு சாண் மேல நின்னுது. சரி, அமுக்கப் போறான்னு எல்லாரும் முன்னால சாஞ்சோம். ரெண்டாவது கேள்வி. கை அங்கேயே. இருபத்தாறு கேள்வி, நெவில். அரை மணி நேரம். அந்த நிகழ்ச்சிக்காரர் குனிஞ்சு கேட்டாரே...

— கேட்டது தெரியும். பார்ல தினமும் கேக்கறாங்க. முப்பத்தெட்டு வருஷமா உள்ள நுழைஞ்சதும் எவனாவது ஒருத்தன், 'நெவில், இருக்கீங்களா?' போன வாரம் டெஸ்ஸோட பேரன் கேட்டான். அவன் அப்பப் பொறக்கவே இல்ல. நான் கமிட்டிக்கு எழுதியே குடுத்திருக்கேன், கோரல். அந்த ராத்திரியை இந்த ஊர்ல எந்தச் சுவத்துல மாட்டினாலும், வீட்டை வித்துட்டு மில்டூராவுல பொண்ணு வீட்டுக்குப் போயிடுவேன். டெஸ் முகம் பத்து மாடி உயரத்துக்கு வந்துட்டா, அதுக்கப்புறம் யாரும் என்னை ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க. எனக்கு அது போதும்.

— எழுதிக் குடுத்தது என்கிட்டதான் இருக்கு. படிச்சுக் காட்டினேன்.

— காட்டினியா. நல்லது.

— ஏன் அமுக்கல, நெவில்?

— நீயும் கேக்கறியா?

— நான் கேட்டதே இல்ல. இன்னிக்குத்தான் கேக்கறேன்.

— விடை வந்துடும். உடனே வந்துடும். ஆனா வந்த விடை சரிதானான்னு பாக்கணுமில்ல? எங்கே படிச்சேன், எப்பப் படிச்சேன், அந்தப் புத்தகத்துல தப்பா அச்சடிச்சிருந்தா? முதல் விடைக்கு நிச்சயம் வந்தப்ப நாலாவது கேள்வி ஓடிக்கிட்டிருந்துது. அப்புறம் அந்த நாலாவது. தெரிஞ்ச மாதிரி இருக்கறது வேற, தெரியறது வேற, கோரல். ஐரீனும் டெஸ்ஸும் அந்த வித்தியாசத்தைப் பத்திக் கவலைப்பட்டதே இல்ல.

— ஜாய்ஸ் எங்கிட்ட ஒண்ணு சொல்லியிருக்கா.

— ஜாய்ஸ் சொல்லியிருக்க மாட்டா.

— டென்னிஸ்ல இருபது வருஷம் ஒரே பக்கம் நின்னு ஆடினவங்க நாங்க. உன் பொண்டாட்டி உன்கிட்ட சொல்லாததையும் எங்கிட்ட சொல்லியிருக்கா. அன்னிக்கு நீங்க கார்ல திரும்பறீங்க. நாலு மணி நேரம் ரெண்டு பேரும் பேசல. ஒரு பெட்ரோல் பங்க்ல நிறுத்தினப்ப அவ கேட்டாளாம், அந்த ஆத்துக் கேள்விக்கு என்ன விடைன்னு. நீ சொன்னே. அடுத்ததைக் கேட்டா. சொன்னே. ஊர் எல்லை வர்றதுக்குள்ள இருபத்தாறையும் கேட்டுட்டா.

— அவளுக்குக் கேள்வி எல்லாம் வரிசையா ஞாபகம் இருந்துது. எனக்கு அதுதான் ஆச்சரியம்.

— மறுநாள் லைப்ரரியில உக்காந்து ஒவ்வொண்ணா சரிபாத்தா. ஒரு அட்டையில எழுதி எங்கிட்ட குடுத்து வெச்சா. இருபத்தாறும் சரி.

— எங்கிட்ட சொல்லவே இல்லியே.

— சொன்னா நீ லைப்ரரிப் புத்தகம் சரியான்னு கேட்டிருப்பே.

— கேட்டிருக்கலாம்.

— செவ்வாய்க்கிழமை அந்த அட்டையைக் கொண்டுபோனேன்.

— எதுக்கு?

— ஓட்டெடுப்பு இருந்துது.

— யார் முகம்னு ஓட்டா? டெஸ்னு ஏற்கெனவே பேசி வெச்சிருந்தோமே.

— பேசினது நீ. நாங்க டீ ஊத்திக்கிட்டிருந்தோம். அந்த ஓவியப் பொண்ணு சொன்னா, இங்கே வர்றதுக்கு முன்னாடி நம்ம ஊர் பேரைப் போட்டு இணையத்துல தேடினாளாம். முதல்ல வந்தது டெஸ் இல்ல.

— பெரிலோட படகா?

— படகும் இல்ல. ஒரு அரை மணி நேர வீடியோ. எவனோ பழைய டேப்பை ஏத்தியிருக்கான். இருபது லட்சம் பேர் பாத்திருக்காங்களாம். பரீட்சைக்கு முன்னாடி பசங்க பாக்கறாங்க. சிரிக்கறதுக்குத்தான் பாக்க ஆரம்பிப்பாங்க, ஆனா பாதியில நிறுத்த முடியலன்னு எழுதறாங்க. வட்டாபீஸ்காரனுக்கு அது புரியல, அவனுக்குப் புரிஞ்சது இருபது லட்சம். உடனே கையைத் தூக்கிட்டான். நான் தூக்கினது வேற காரணத்துக்கு.

— பல் டாக்டரா இருக்குமோ. ஆனா அவரு நம்ம ஊர் இல்லையே.

— நெவில்.

— அந்தக் கையைக் கொஞ்சம் பாரேன். டெஸ் ஓபல் மோதிரம் போட்டிருப்பாரு. பச்சைக் கல்.

— மோதிரம் இல்ல.

— மறந்திருப்பா. சொல்லி வரையச் சொல்லணும்.

— உனக்கு விடை தெரியும்ப்பா. ஒரு தடவை பட்டனை அமுக்கு.

— தெரிஞ்ச மாதிரிதான் இருக்கு.

— அப்ப சொல்லு.

— இரு, கண்ணாடியைத் துடைச்சுக்கறேன்.

— சொல்லேன்.

— என் கண்ணு சரியில்ல, கோரல். பாக்காம எப்படிச் சொல்றது? நீயே சொல்லு. டெஸ்ஸை விட்டா, பெரிலை விட்டா, இந்த ஊர்ல யாரு இருக்கா?

— டெஸ் செத்து ஒம்பது வருஷம் ஆச்சு, காரைப் பேரன் வயக்காட்டுல ஓட்டி மரத்துல மோதிட்டான். பெரில் முதியோர் இல்லத்துல இருக்கா, அவளுக்குத் தன் பேரே தெரியல, டீ கொண்டுவர்ற பொண்ணுகிட்ட மட்டும் கப் என்ன விலைன்னு சொல்றா. ஐரீன் என்ன ஆனான்னு யாருக்கும் தெரியல. ஜாய்ஸ் போயிட்டா. நீ இருக்கே, நெவில், அதோ அங்கே பத்து மாடி உயரத்துல, நடுவிரல் பாதியோட.