பதினேழு முறை தட்டிய கதவு

சாக்பீஸ் துண்டையே செங்கோலாக ஏந்தி இந்த வாசகர் வட்டத்தை ஆளும் தலைவர் அவர்களே! இலக்கை எட்டிய இறுமாப்போடு முன்வரிசையில் தேநீர் உறிஞ்சும் வெற்றியாளர்களே! காது மந்தமானாலும் கைதட்டலில் குறைவைக்காத பெரியோர்களே! பிள்ளைகள் தூங்கும் நேரம் பார்த்துப் பக்கம் புரட்டும் தாய்மார்களே! மூன்றாம் வரிசையில், நான் அளவெடுத்துக் கொடுத்த கண்ணாடி வழியாக என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஐயா அவர்களே! அனைவருக்கும் தோற்றவளின் தலைநிமிர்ந்த வணக்கம்!

புதிதாக வந்தவர்கள் குழம்ப வேண்டாம். மற்ற சபைகளில் வென்றவரை மேடையேற்றுவார்கள். இங்கே தோற்றவரை ஏற்றுவார்கள். ஆண்டின் முதல் நாள் ஆளுக்கோர் இலக்கைக் கரும்பலகையில் எழுத வேண்டும். எட்டியவர் உட்காரலாம். எட்டாதவர் பேசியாக வேண்டும். பேசி முடித்ததும், தன் வரியை அழிப்பதா வைப்பதா என்று தானே முடிவுசெய்ய வேண்டும். அதோ, அழிப்பான் என் பக்கத்திலேயே காத்திருக்கிறது.

நான் எழுதிய வரி என்ன? 'நூறு புத்தகம் படிப்பேன்; ஒரு நாவல் எழுதுவேன்!' யார் அங்கே சிரிப்பது? இரண்டாம் வரிசையா? உங்கள் இலக்கு நான்கு புத்தகம். அதில் ஒன்று முழுக்கப் படம். எனக்குத் தெரியும்!

அன்று மாலை என் கணவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "போன வருஷம் உடம்பு இளைக்கணும்னு வாங்கின சைக்கிள் மேல இப்ப துணி காயுது. இந்த நாவல் மேல எதைக் காயப்போடப் போறோம்?"

விடுவேனா? படித்தேன்! பேருந்தில் படித்தேன், பல் மருத்துவர் வாசலில் படித்தேன், அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் படித்தேன். எண்ணிக்கை ஏறவில்லை. ஒல்லியான புத்தகங்களாகத் தேடினேன். அதுவும் போதாமல் என் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கும் இயந்திரத்தின் கையேட்டையும் கணக்கில் சேர்த்தேன். ஆமாம் தலைவரே, என் பட்டியலில் முப்பத்திரண்டாவது அதுதான். முடிவு சோகம், உத்தரவாதம் ஓராண்டுக்கு மட்டும். கடைசியில் நாற்பத்தொன்றில் நின்றேன்.

நாவல்? கடை திறக்க இரண்டு மணி நேரம் முன்பே போய்ப் பின்னறையில் எழுதினேன். மழையில் நனைந்த ஒரு பெண் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். அது முதல் பக்கம். மறுநாள் ஒரு நல்ல புத்தகம் கையில் கிடைக்கும். அதைப் படித்துவிட்டு என் பக்கத்தைப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கும். கிழிப்பேன், மறுபடி எழுதுவேன். ஒரு முறையா, இரு முறையா? பதினேழு முறை! பாவம் அந்தப் பெண், ஓராண்டாக மழையில் நின்றாள்.

இங்கேதான் நான் ஒரு திருட்டு வேலை செய்தேன். புதுக் கண்ணாடி போட்டவர்களிடம் படித்துப் பார்க்க ஓர் அட்டை கொடுப்போம். மேலே பெரிய எழுத்து, கீழே வர வரப் பொடி எழுத்து. அந்த அட்டை கிழிந்துபோனது. அதன் இடத்தில் என் முதல் பக்கத்தை அதே மாதிரி அச்சடித்து வைத்துவிட்டேன்! கடைசி வரியில் அவள் கதவைத் தட்டுவாள். புதிதாக எழுதும்போதெல்லாம் அட்டையையும் மாற்றினேன். வேறென்ன செய்ய? எனக்கும் வாசகர்கள் வேண்டாமா?

தபால்காரர் ஐயா கண்ணாடி வாங்கினார். பத்து நாளில் திரும்பி வந்தார். "சரியா தெரியலம்மா." சோதித்தேன், குறையில்லை. அட்டையைப் படித்தார், போய்விட்டார். மறுபடி வந்தார். மறுபடியும் வந்தார். போன வாரம் நான்காம் முறை வந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. அன்று காலைதான் கரும்பலகையில் இருக்கும் என் வரியை அழித்துவிடுவது என்று முடிவுசெய்திருந்தேன்.

"ஐயா, கண்ணாடியில என்னதான் கோளாறு?"

"கண்ணாடி நல்லாத்தாம்மா இருக்கு. அந்தப் பொண்ணுக்குக் கதவைத் தெறந்தாங்களான்னு பாக்கத்தான் வர்றேன். முப்பது வருஷம் வீடு வீடா கதவு தட்டினவன் நான். மழையில இவ்வளவு நேரம் யாரையும் நிக்க வெக்கக் கூடாதும்மா."

தோழர்களே! நூறு புத்தகம் என்றேனே, யாருக்காக? நாவல் என்றேனே, எதற்காக? கரும்பலகைக்காகவா? கணவரிடம் ஜெயிப்பதற்காகவா? ஊர் மெச்சவா, பேர் நிற்கவா? வந்தபோதெல்லாம் என் முதல் பக்கத்தையே படித்துவிட்டு, அடுத்த பக்கத்துக்காக ஒரு மனிதர் வெயிலில் நடந்து வந்தாரே! அந்த நடைக்கு முன்னால் என் கூச்சம் எம்மாத்திரம்? எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் காலை முதல் பக்கத்தை நான் தொடவில்லை. இரண்டாம் பக்கத்தை எழுதினேன். கதவு திறந்தது!

என்ன ஐயா, எழுந்துவிட்டீர்கள்? "யாரும்மா தெறந்தது?" என்றா கேட்கிறீர்கள்? மேடையில் சொல்ல மாட்டேன். நாளைக்குக் கடைக்கு வாருங்கள், கண்ணாடி சரியில்லை என்று சொல்லிக்கொண்டே வாருங்கள். அட்டை மாறியிருக்கிறது!

தலைவரே, இந்த அழிப்பானை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என் வரி அங்கேயே இருக்கட்டும். அடுத்த ஆண்டும் தோற்றால் இதே மேடையில் இதைவிட நீளமாகப் பேசுவேன் என்று எச்சரித்து, பொறுத்துக்கொண்ட உங்களுக்கு நன்றியும், பொறுக்காமல் கேட்ட அந்த ஒருவருக்கு இரு மடங்கு நன்றியும் கூறி, வணங்கி இறங்குகிறேன்!