ஒரே நாளில் மூன்று புடவை

சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்துப் பிளசன்டனிலிருந்து அம்மாவை ஊர் பார்க்கக் கூட்டி வந்தானே ஒரு மகன், அவன் பொய்யன்.

நேற்று சான் ஃபிரான்சிஸ்கோவில் தெருத் தண்டவாளத்தில் ஓடும் பழைய கேபிள் கார் வண்டியில் ஏற நின்ற வரிசையில், அவனும் அவன் அம்மாவும் எனக்கு முன்னால் நின்றார்கள்.

"அம்மா, ரெஸ்ட்ரூம்ல போய் அந்தப் பச்சைப் புடவையைக் கட்டிக்கிட்டு வா. வண்டி பக்கத்துல ஒரு போட்டோ."

"காலைல பாலத்துகிட்ட நீலம், சைனா டவுன்ல இந்த மஞ்சள். இன்னும் எத்தனைடா?"

"ஒரே புடவையா இருந்தா, எல்லாம் ஒரே நாள்ல எடுத்ததுன்னு தெரிஞ்சிடும்மா."

"ஒரே நாள்தானேடா! அஞ்சு மாசமா உன் குழந்தையப் பாத்துக்கிட்டு, ஜன்னல் வழியா உங்க தெருவத்தான் பாத்தேன். வெள்ளிக்கிழமை ஊருக்குப் பிளைட்டு."

"சனிக்கிழமை தமிழ்ச் சங்கத்துல ஸ்லைடு போடறேன்மா. வாரா வாரம் உன்னைச் சுத்திக் காட்டினேன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

"சரி, இந்த வண்டியிலயாவது ஏத்துவியா?"

"பார்க்கிங் டைம் முடியுதும்மா. பக்கத்துல நின்னா போதும்."

அந்த அம்மா பச்சைப் புடவையில் திரும்பி வந்து, குளிர்காற்றில் முந்தானையைப் பிடித்தபடி வண்டியின் பக்கத்தில் நின்றார். மகன் படம் எடுத்தான். இருவரும் காரை நோக்கி நடந்தார்கள். நான் ஏறினேன். வண்டி கிளம்பும்போது என் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது.

தம்பி, சனிக்கிழமை சங்கத்துக்கு நானும் வருவேன். பச்சைப் புடவை திரையில் வந்ததும் விளக்கைப் போடச் சொல். உன் அம்மா அந்த வண்டியில் ஏறினாரா, இல்லையா? எல்லார் முன்னாலும் பதில் சொல்.