கூட வந்தவள்

பேருந்தில் ஜன்னலோர இடத்தை நான் எப்போதும் நோயாளிக்கே விட்டுவிடுவேன். டாக்டரிடம் கூடப் போகிறவளுக்கு இப்படிச் சில கடமைகள் உண்டு. மருந்துச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், டாக்டர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் டாக்டர் நோயாளியைக் கேட்டாலும் கூட வந்தவள்தான் வாய் திறப்பாள். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

என் பெயர் வள்ளியம்மாள். இருபத்திரண்டு வயதில் நெமிலியில் புருஷனை விட்டுவிட்டு, குடியாத்தத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்துசேர்ந்தேன். அங்கே என்ன நடந்தது என்பது இங்கே வேண்டாம். தழும்பு முதுகில் இருக்கிறது. அண்ணன் கோவிந்தராஜ் லுங்கித் தறி போட்டிருந்தார். அண்ணி தனபாக்கியம் ஒரு கேள்வி கேட்காமல் எனக்குச் சோறு போட்டாள். ஆமை புகுந்த வீடு என்று என் காதுபடப் பேசிய தெருக்காரர்களின் வாயை அவள்தான் அடைத்தாள். அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எழுபத்து நாலாம் வருஷம் அண்ணி மாறத் தொடங்கினாள். நூல் சுற்றும் ராட்டை முன்னால் உட்கார்ந்திருப்பாள், சக்கரம் சுற்றாது. முகம் ஊதிக் குரல் தடித்தது. சித்திரை வெயிலில் போர்வை கேட்டாள். ஆறு வயது மகள் பூங்காவனம் பள்ளிக்கூடம் விட்டு வந்து எதிரில் நின்றால், அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அண்ணன் சோம்பேறித்தனம் என்றார். தெருவில் பேய் என்றார்கள். பேய் ஓட்டச் சோளிங்கர் மலைக்கோயிலுக்குக் கூட்டிப் போனோம். பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த மாதங்களில் பூங்காவனம் என் கைக்கு வந்தாள். தலை வாரிப் பின்னுவது, ஊட்டுவது, பக்கத்தில் போட்டுத் தூங்கவைப்பது எல்லாம் நான்தான். பிள்ளையில்லாத எனக்கு அது எப்படி இருந்தது என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது.

கடைசியில் வேலூரில் ஒரு பெரிய டாக்டர் கண்டுபிடித்தார். அண்ணியின் உடம்பே தன் கழுத்துச் சுரப்பியை எதிரி என்று நினைத்து அழித்துக்கொண்டிருக்கிறது, மனசு சோர்ந்து படுத்துவிட்டதும் அதனால்தான் என்று பொறுமையாக விளக்கினார். ஆயுள் முழுக்கத் தினம் இரண்டு மாத்திரை. நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை வந்தால் மருந்து ஜாஸ்தி என்று அர்த்தம், உள்ளூர் டாக்டரிடம் சொல்லிக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

மூன்று மாதத்தில் அண்ணி திரும்பி வந்துவிட்டாள். விடிந்ததும் ராட்டை சத்தம் கேட்டது, சிரிப்பும் கேட்டது. ஒரு காலை பூங்காவனம் சீப்பை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து அவள் அம்மாவிடம் போனாள். அன்று மாலை அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீயும் சின்ன வயசுக்காரி. எத்தினி நாளு இங்கயே கெடப்ப? உங்க அண்ணன நெமிலிக்கு அனுப்பிப் பேசச் சொல்றேன்."

நல்ல மனசோடுதான் சொன்னாள்.

அடுத்த வாரம் மாத்திரை தீர்ந்தது. சீட்டை எடுத்துக்கொண்டு கடைத்தெரு டாக்டரிடம் நான் மட்டும் போனேன். நல்ல கூட்டம். எப்படி இருக்கிறாள் என்று தலை நிமிராமல் கேட்டார்.

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதாம் டாக்டர். தூக்கமே இல்லையாம். கொஞ்சம் கம்மி பண்ணிடலாமா?" என்றேன்.

ஒன்றரை என்று எழுதிக் கொடுத்தார்.

நான் ஒரு மாத்திரையைக்கூட ஒளித்ததில்லை. சீட்டில் இருந்ததை இருந்தபடி, வேளை தவறாமல் என் கையால் கொடுத்தேன். ஒன்றரை பிறகு ஒன்றாயிற்று, ஒன்று அரையாயிற்று. நோயாளியைக் கூட்டி வரச் சொன்னபோது, அவள் வீட்டில் பம்பரமாய்ச் சுற்றி வேலை பார்க்கிறாள் என்று சொன்னேன். அண்ணியிடம், உடம்பு தேறிவிட்டதால் டாக்டர் குறைத்திருக்கிறார் என்றேன். அவள் தலையாட்டினாள். அப்போதெல்லாம் தலையாட்டவே அவளுக்கு நேரம் பிடித்தது.

நெமிலிப் பேச்சு நின்றுபோனது. பூங்காவனம் சீப்போடு என்னிடம் வந்தாள்.

ஒருநாள் கஞ்சி கொடுக்கும்போது அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"அழணும் போல இருக்குது வள்ளி. அதுக்குக்கூட தெம்பு இல்ல. நான் நெஜமாவே சோம்பேறிதானா?"

கஞ்சி ஆறுகிறது, குடியுங்கள் என்றேன். இன்றைக்கும் கஞ்சி காய்ச்சினால் எனக்கு இறங்குவதில்லை.

எழுபத்தாறு மார்கழியில் ஒரு காலை, மூன்று போர்வைக்குள் இருந்த அண்ணி எழுந்திருக்கவில்லை. வேலூருக்கு வேனில் கொண்டுபோனோம். மறுநாள் அங்கேயே இறந்துபோனாள். எத்தனை மாத்திரை கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். சீட்டைக் காட்டினேன். கணக்குச் சரியாக இருந்தது. அந்த வீட்டில் என்னைவிட அதிகமாக யாரும் அழவில்லை. அந்த அழுகை பொய்யில்லை.

அண்ணியைக் கொன்றது நான்தான். பதினோரு வருஷத்தில் இதை வாய்விட்டுச் சொல்வது இதுவே முதல் தடவை.

பூங்காவனத்தை நல்லபடி வளர்த்தேன். போன வருஷம் ஆம்பூரில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை பரந்தாமன் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார், தங்கமான பையன். எட்டே மாதத்தில் அவள் பேச்சு நின்றது. காரணமில்லாமல் அழுதாள், பிறகு அழுகையும் நின்றது. நான் போய்க் கூட்டி வந்தேன். அதே வேலூர், அதே நோய், அதே மாத்திரை. மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் மாதம் முகம் தெளிந்தது. நேற்றுக் காலை அவள் பாடிக்கொண்டே புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்து அழைத்துப் போவதாகப் பேச்சு.

அதற்குப் பிறகுதான் டாக்டரைப் பார்க்கப் புறப்பட்டோம். ஜன்னலோரம் அவளை உட்காரவைத்தேன். இந்த முறை வாயைத் திறப்பதில்லை, அவளே சொல்லட்டும் என்று வழியெல்லாம் எனக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

இந்த டாக்டர் இளவயது. அவளைப் பார்த்தே கேட்டார், "இப்ப எப்பிடிம்மா இருக்குது?"

பூங்காவனம் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். ஆறு வயதிலிருந்து அவளுக்காக நான்தானே பதில் சொல்கிறேன்.

"நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதாம் டாக்டர்," என்றேன். "தூக்கமே இல்லையாம்."